ஆய்வுத் தலைப்பு குவியவில்லையா? கருத்து வரைபடத்தின் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டு நீக்கும் முறை

முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தவரும், முதுகலை இறுதியாண்டில் திட்டக் கட்டுரை எழுதுபவரும் முதல் சில மாதங்களில் படும் பாடு பெரும்பாலும் ஒன்றே: தலைப்பு கையில் இருக்கும், ஆய்வு இருக்காது. 'தமிழ்நாட்டில் நீர் மேலாண்மை' என்று பதிவுப் படிவத்தில் எழுதிவிடலாம். ஆனால் நாளை எந்த ஆவணத்தைப் புரட்டுவது, எந்த ஊருக்குப் போய் யாரிடம் பேசுவது என்பதற்கு அந்தத் தலைப்பில் விடை கிடையாது. இந்த நிலையில்தான் நெறியாளர் கருத்து வரைபடம் ஒன்றை வரைந்துவரச் சொல்கிறார். வரைந்த பிறகும் தலைப்பு இருந்த இடத்திலேயே நின்றால், அதற்கான காரணம் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். எந்த அறிகுறி எந்தப் பிழையைக் காட்டுகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவினரும் 1972 இல் இந்த முறையை உருவாக்கினர். சிறுவர்களின் அறிவியல் புரிதல் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்த அவர்களிடம் நேர்காணல் பதிவுகள் மலைபோல் குவிந்திருந்தன. அவற்றிலிருந்து புரிதலின் மாற்றத்தைப் பிரித்தெடுக்க ஒரு வழி தேவைப்பட்டது. புதிய அறிவு ஏற்கெனவே உள்ள அறிவோடு பிணைந்தால்தான் பொருளுள்ள கற்றலாகிறது என்ற டேவிட் ஆசுபெலின் கோட்பாடு இதற்கு அடிப்படையாயிற்று. வரைபடத்தின் உறுப்புகள் மூன்று: பெட்டிக்குள் எழுதப்படும் கருத்து, இரு பெட்டிகளைச் சேர்க்கும் கோட்டின்மேல் எழுதப்படும் இணைப்புச் சொல், இவை சேர்ந்து உருவாகும் கூற்று. மூன்றாவது உறுப்புக்காகத்தான் முதலிரண்டும் இருக்கின்றன. பலர் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே கிளம்புகின்றன.

எடுத்துக்காட்டு மாறிக்கொண்டே இருந்தால் குழப்பம் வரும் என்பதால், கட்டுரை முழுவதும் ஒரே களத்தை வைத்துக்கொள்கிறேன்: தமிழ்நாட்டின் ஏரி, கண்மாய்ப் பாசனம். 39,000க்கும் மேற்பட்ட நீர்நிலைகளைக் கொண்ட இந்தக் களம் எத்தனை ஆய்வாளர்களை வேண்டுமானாலும் விழுங்கிவிடக்கூடியது.

அறிகுறி: பெட்டிகள் பெருகிக்கொண்டே போகின்றன, தாள் போதவில்லை

மாணவர் 'கண்மாய்' என்று தொடங்குகிறார். மடை (நீரைத் திறந்துவிடும் மதகு), கலுங்கு (மிகைநீர் வழியும் இடம்), வரத்துக்கால் (நீர் வந்து சேரும் கால்வாய்), வண்டல், ஆயக்கட்டு (கண்மாய் நீர் பாயும் வயல்பரப்பு), குடிமராமத்து (ஊரார் கூடிச் செய்யும் பராமரிப்பு), ஆக்கிரமிப்பு, சீமைக் கருவேலம், மீன் குத்தகை, சோழர் காலக் கல்வெட்டு, பருவநிலை மாற்றம் என்று அறுபது பெட்டிகள் சேர்ந்துவிடுகின்றன. எதை விடுவது என்று தெரியவில்லை, ஏனெனில் எல்லாமே கண்மாயைச் சேர்ந்தவைதான்.

வரைபடத்தின் தலையில் கேள்வி இல்லாமல் பொருள் மட்டும் இருப்பதே இதற்குக் காரணம். பொருளுக்கு எல்லை கிடையாது, கேள்விக்கு உண்டு. எனவே பெட்டி எதையும் வரையும் முன்பு தாளின் மேல் விளிம்பில் ஒரு மையக் கேள்வியை முழு வாக்கியமாக எழுத வேண்டும். 'கண்மாய்ப் பாசனம் என்றால் என்ன?' என்பது போன்ற கேள்வி பாடநூலின் பொருளடக்கத்தைத்தான் தாளில் கொண்டுவரும். 'எவ்வாறு', 'ஏன்' என்று கேட்க வேண்டும். 'சிவகங்கை மாவட்டத்தில் கிணறுகள் பெருகியது, கண்மாயைப் பராமரிப்பதில் ஆயக்கட்டு விவசாயிகளின் கூட்டுப் பங்கேற்பை எவ்வாறு மாற்றியது?' என்று எழுதினால், மீன் குத்தகை தாளில் இருக்க வேண்டுமா என்பதற்கு உடனே ஒரு விடை கிடைக்கிறது: குத்தகைப் பணம் பராமரிப்புக்குச் செல்கிறது என்றால் இருக்கட்டும், இல்லையென்றால் வேண்டாம்.

முதல் கேள்வியே சரியாக அமைய வேண்டியதில்லை. தற்காலிகக் கேள்வி ஒன்றை எழுதி, தேவைப்படும் என்று தோன்றும் கருத்துகளைத் தாளின் ஓரத்தில் பட்டியலாக நிறுத்திவைத்து, ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவருவது நோவாக் பரிந்துரைத்த வழி. 15 முதல் 25 கருத்துகள் போதும் என்பது அவருடைய கணக்கு. ஓரத்திலேயே தங்கிவிட்டவற்றை அழிக்க வேண்டாம்; வேறொரு கட்டுரைக்கு அவை பயன்படும்.

அறிகுறி: எல்லாக் கோடுகளும் நடுப்பெட்டியிலிருந்தே கிளம்புகின்றன

இது கருத்து வரைபடம் அன்று, மனவரைபடம். நினைவில் இருப்பதைக் கொட்டித் தீர்க்க அது நல்ல கருவிதான். ஆனால் சுற்றியுள்ள பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நடுப்பெட்டியை ஒரு துண்டுத் தாளால் மூடிவிட்டு, மிச்சமுள்ள பெட்டிகளில் எந்த இரண்டை நேரடியாக இணைக்க முடியும் என்று பாருங்கள். மூன்று நான்கு இணைப்புகள்கூடத் தேறவில்லை என்றால் படித்தது போதவில்லை என்று பொருள். அடுத்து உட்கார வேண்டிய இடம் நூலகம்.

அறிகுறி: பெட்டிக்குள் முழு வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது

'கண்மாய்கள் தூர்ந்துபோனதால் விவசாயிகள் கிணற்றுக்கு மாறினர்' என்று ஒரே பெட்டிக்குள் எழுதியிருந்தால், அதற்குள் இரண்டு கருத்துகளும் ஒரு காரணத் தொடர்பும் பூட்டிக்கிடக்கின்றன. அந்தத் தொடர்பு உண்மையா, எதிர்த்திசையிலும் ஓடுமா என்று கேட்க வழியில்லாமல் போகிறது. பெட்டியை உடைத்து, 'கண்மாய் தூர்தல்', 'கிணற்றுப் பாசனம்' என்று இரண்டாக்கி, நடுவிலுள்ளதைக் கோட்டின்மேல் எழுதுங்கள். ஒரு பெட்டிக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம்.

அறிகுறி: கோட்டின்மேல் சொல் இல்லை, அல்லது எல்லாக் கோடுகளிலும் 'தொடர்புடையது' என்றிருக்கிறது

மிகப் பரவலான கோளாறும் இதுதான், ஆய்வுக்கு மிக அதிகக் கேடு செய்வதும் இதுதான் என்பது என் கருத்து. பெட்டிகளில் உள்ளவை துறையிலுள்ள எல்லோருக்கும் பொதுவான சொற்கள். ஆய்வாளர் தாமாகச் சொல்ல வேண்டியது கோட்டின்மேல்தான் இருக்கிறது. அங்கே 'தொடர்பு', 'முக்கியம்', 'பங்கு வகிக்கிறது' என்று எழுதுபவர் இன்னும் எதையும் சொல்லத் தொடங்கவில்லை.

ஓர் இணைப்புச் சொல் தேறுமா என்று அறிய, அந்தக் கூற்றை மறுத்துச் சொல்லிப் பார்க்கலாம். 'ஆயக்கட்டு கண்மாயோடு தொடர்புடையது' என்பதன் மறுப்பு 'ஆயக்கட்டு கண்மாயோடு தொடர்பற்றது' என்பது. அப்படிச் சொல்பவர் ஒருவரும் இருக்க முடியாது. எனவே மூலக் கூற்றிலும் செய்தி இல்லை. 'சொந்தக் கிணறு உடையவர்கள் தூர்வாரலுக்கு ஆள் அனுப்புவதைக் குறைத்துக்கொள்கின்றனர்' என்பதை ஒருவர் நேர்மையாகவே மறுக்கலாம். கண்மாயில் நீர் நின்றால்தான் கிணற்றில் ஊறும், ஆகவே கிணற்றுக்காரருக்கே அக்கறை அதிகம் என்று அவர் வாதிடலாம். மறுக்க இடமுள்ள கூற்றைத்தான் களத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க முடியும்.

சொல் கிடைக்காமல் திணறும்போது பெட்டியையே சற்று மாற்றிப் பார்ப்பது பயன் தரும். 'கிணறு' என்ற பெட்டியிலிருந்து கிளம்பும் கோடு 'ஆழமானது', 'தனியாருக்கு உரியது' என்று வருணனையாகவே போகும். அதையே 'கிணறுகளின் எண்ணிக்கை உயர்வு' என்று மாற்றினால் கோடு தானாகவே விளைவைத் தேடும். தலைப்பெட்டியில் இப்படி அளவு மாற்றத்தைச் சேர்த்தால் காரண விளைவுக் கூற்றுகள் அதிகம் பிறக்கின்றன என்று டெர்பென்ட்சேவா, சஃபாயெனி, கன்யாஸ் ஆகிய மூவர் நடத்திய சோதனைகளும் காட்டியுள்ளன.

இதே இடத்தில் தமிழில் வரைபவர்களுக்கு மட்டும் வரும் ஓர் இடையூறும் உண்டு. முதல் பெட்டி, கோடு, இரண்டாம் பெட்டி என்ற வரிசையில் வாசித்தால் 'தூர்தல் குறைக்கிறது கொள்ளளவு' என்று வருகிறது. தமிழ் வாக்கியம் வினையில்தான் முடியும் என்பதால் இந்த வரிசை காதில் இடறுகிறது. இடறல் தாங்காமல் மாணவர்கள் வினையை விட்டுவிட்டு வெறும் அம்புக்குறியைப் போட்டுவிடுகிறார்கள். நான் பரிந்துரைப்பது இது: வேற்றுமை உருபைக் கோட்டின்மேல் உள்ள வினையோடு சேர்த்து எழுதுங்கள், வாசிக்கும்போது அம்பின் அடி, அம்பின் முனை, அதன் பிறகு கோடு என்று வாசியுங்கள். கோட்டின்மேல் '-ஐக் குறைக்கிறது' என்று இருந்தால், 'தூர்தல் கொள்ளளவைக் குறைக்கிறது' என்று நேரான வாக்கியம் கிடைக்கும். '-உக்கு வழிவிடுகிறது', '-இலிருந்து விலகச் செய்கிறது', '-ஆல் ஈடுசெய்யப்படுகிறது' என உருபுகள் மாறும்போது தொடர்பின் வகையும் தெளிவாகப் பிரிந்து தெரியும். அம்புக்குறி கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் எது எழுவாய் என்பது தெரியாது.

கணினியில் வரைபவர்களுக்கு, புளோரிடாவின் மனித, இயந்திர அறிதல் ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தரும் சிமேப் டூல்ஸ் என்ற மென்பொருள் ஏற்றது. ஒரு கோட்டை இழுத்தவுடனே அதன் நடுவில் கேள்விக்குறிகளை இட்டு, சொல்லை நிரப்பும்வரை அவற்றை அங்கேயே வைத்திருக்கும். ஆனால் முதல் வரைவுக்குக் கத்தரித்த காகிதச் சீட்டுகளையே நான் விரும்புகிறேன். சீட்டை நகர்த்தக் கை தயங்காது.

அறிகுறி: மேலிருந்து கீழாக ஒழுங்காக இறங்குகிறது, ஆனால் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை

தாளைப் பார்த்தால் குடும்ப மரம் போல அழகாக இருக்கும். மேலே 'கண்மாய்ப் பராமரிப்பு'. அதன் கீழ் இடப்புறம் நிர்வாகம்: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உடையவை நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடம். நடுவில் விவசாயிகள்: ஆயக்கட்டுதாரர், நீர்ப்பாய்ச்சி, குடிமராமத்து. வலப்புறம் நிலத்தடி நீர்: கிணறு, மோட்டார், இலவச மின்சாரம். மூன்று கிளைகளும் தத்தம் வழியில் இறங்கி முடிந்துவிடுகின்றன. நெறியாளர் பார்த்துவிட்டு, 'எல்லாம் சரி, இதில் உங்கள் ஆய்வு எங்கே?' என்று கேட்கிறார்.

இந்தப் படத்தில் இல்லாதது குறுக்கிணைப்பு. அதாவது ஒரு கிளையிலுள்ள கருத்தை வேறொரு கிளையிலுள்ள கருத்தோடு பிணைக்கும் கோடு. ஒரு கிளைக்குள் நடப்பதை அந்தந்தத் துறையினர் ஏற்கெனவே எழுதியிருப்பார்கள். பொதுப்பணித் துறை அறிக்கைகள் கரையையும் மடையையும் பேசும்; வேளாண் பொருளியலாளர் கிணற்றின் செலவையும் மின்சார மானியத்தையும் பேசுவார்; சமூகவியலாளர் ஊர்க்கூட்டத்தையும் சாதியையும் பேசுவார். இரண்டு கிளைகளுக்கு இடையே பாலம் போட முயலும்போதுதான் எவரும் சரிவரப் பார்க்காத இடம் தென்படுகிறது.

செய்முறை இதுதான். ஒவ்வொரு கிளையின் அடிநுனியிலும் உள்ள பெட்டிகளை எடுத்து, மற்ற கிளைகளின் நுனிப்பெட்டிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான சேர்க்கைகளில் ஒன்றும் கிடைக்காது, கடந்துபோய்விடலாம். 'இலவச மின்சாரம்', 'நீர்ப்பாய்ச்சி' ஆகிய இரண்டையும் சேர்க்கும்போது கை நிற்கும். மடையைத் திறந்து அடைத்து வயலுக்கு வயல் நீரைப் பங்கிட்டுக் கொடுத்து, அறுவடையில் நெல்லாகக் கூலி பெற்றவர் நீர்ப்பாய்ச்சி. நள்ளிரவில்கூட மோட்டாரை இயக்கித் தமக்கு வேண்டிய நீரைத் தாமே எடுத்துக்கொள்ளக் கூடிய ஒருவர் அந்தக் கூலியை ஏன் கொடுக்க வேண்டும்? அவர் கொடுக்காவிட்டால் கிணறு இல்லாத சிறு விவசாயிக்கு நீர் பங்கிட யார் வருவார்? தாளில் இரண்டு அங்குலக் கோடுதான். ஆனால் மின்சாரக் கொள்கைக்கும் ஊரின் ஒரு பணிப்பொறுப்புக்கும் இடையே அது சோதிக்கத்தக்க கேள்வி ஒன்றைப் பிறப்பிக்கிறது.

இன்னொரு சேர்க்கை: 'கிணறு', 'மடை'. கிணறுகள் பெருகிய சில ஊர்களில் மடையைத் திறக்காமல் கண்மாயில் நீரை ஊறவிடும் வழக்கம் உண்டு. அங்கே கண்மாய் பாசன நீர்நிலை என்ற நிலையிலிருந்து ஊறல் குட்டை என்ற நிலைக்கு மாறுகிறது. அப்படியானால் மாணவர் முதலில் எழுதிய 'கிணறு உடையவர்கள் கண்மாயிலிருந்து விலகுகின்றனர்' என்ற கூற்று திருத்தம் கேட்கிறது. அவர்கள் கண்மாயிலிருந்து விலகாமல், மடையிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் மட்டும் விலகியிருக்கலாம். பராமரிப்பு என்று ஒரே பெட்டியில் அடைத்ததைக் கரைப் பராமரிப்பு, வாய்க்கால் பராமரிப்பு என்று பிரிக்க வேண்டிய தேவை இப்போதுதான் தெரியவருகிறது.

குறுக்குக் கோடுகளைப் பின்தொடர்ந்து போகும்போது சில வேளை புறப்பட்ட பெட்டிக்கே திரும்பி வருவீர்கள். பராமரிப்புக் குறைகிறது, கொள்ளளவு சுருங்குகிறது, கிணறுகள் கூடுகின்றன, கூட்டுப் பங்கேற்பு குறைகிறது, மீண்டும் பராமரிப்புக் குறைகிறது. படிநிலை கெட்டுவிட்டதே என்று இதை அழிக்கக் கூடாது. மேலிருந்து கீழாக இறங்கும் படத்தில் சுழற்சியைக் காட்ட முடியாது என்பது இந்த முறையின் மெய்யான குறைபாடு. அதனால்தான் சஃபாயெனி முதலியோர் 2005 இல் சுழல் வடிவ வரைபடங்களை முன்வைத்தனர். சுழற்சி கண்ட இடத்தைத் தனித்தாளில் வட்டமாக வரைந்துகொண்டு, அந்த வட்டத்தில் எந்தக் கோட்டை முதலில் ஆராய்வது என்று முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: ஒரு பெட்டியை விட மனம் வரவில்லை, ஆனால் அதற்கு இணைப்பும் இல்லை

கண்மாய் ஆய்வு என்றால் அந்தப் பெட்டி பெரும்பாலும் உத்திரமேரூராக இருக்கும். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் (ஏரியைக் கவனித்த ஊர்ச்சபைக் குழு) வருகிறது, பெருமையாக இருக்கிறது, முதல் இயலை அதிலிருந்து தொடங்கினால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றும். கேள்வி 1970க்குப் பிந்தைய கிணற்றுப் பெருக்கத்தைப் பற்றியது என்றால் பத்தாம் நூற்றாண்டு வாரியத்துக்கும் அதற்கும் இடையே இழுக்கப்படும் கோட்டின்மேல் என்ன எழுதுவது? 'முன்னோடி' என்று எழுதினால், நடுவிலுள்ள ஆயிரம் ஆண்டுத் தொடர்ச்சியை நிறுவ வேண்டிய சுமை ஆய்வாளர் தலையில் விழும். முன்னுரையில் ஒரு பத்தி போதும். பெட்டியைத் தாளின் ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

அறிகுறி: வரைபடம் குறையின்றி இருக்கிறது, ஆனால் ஆய்வு இன்னும் ஐந்தாண்டு வேலையாகத் தெரிகிறது

இப்போது பெட்டிகளை விட்டுவிட்டுக் கோடுகளுக்கு மட்டும் நிறம் தீட்டுங்கள். பிறர் ஏற்கெனவே சான்றோடு நிறுவிய கூற்றுகளுக்குப் பச்சை. அதன் அருகே ஆதாரத்தைச் சிறிதாகக் குறித்துவையுங்கள். ஆய்வாளர்கள் முரண்படும் கூற்றுகளுக்கு மஞ்சள். எவரும் சோதித்ததாகத் தெரியாதவற்றுக்குச் சிவப்பு. அதன் பிறகு மஞ்சள், சிவப்புக் கோடுகளுக்கு மட்டும் இரண்டாம் கேள்வி: இதற்கான தரவு உங்கள் கைக்கு எட்டுமா? ஊர்க் கணக்குகள், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேடு, நீர்ப்பாய்ச்சிக் குடும்பங்களின் வாய்மொழி ஆகியவை எட்டும். ஒரு மாவட்டத்தின் எல்லாக் கண்மாய்களிலும் வண்டல் ஆழம் அளப்பது தனியொருவருக்கு எட்டாது.

சிவப்பாகவும் கைக்கு எட்டுவதாகவும் இருக்கும் ஒரு கோட்டையும், அதற்கு முன்னும் பின்னும் தலா ஒரு கோட்டையும் தேர்ந்தால் அதுவே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமானது. முதுகலைக் கட்டுரைக்கு அந்த ஒரு கோடே மிகுதி. வேறு கோடுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுபவர்களிடம் நான் இரக்கமில்லாமல் நடந்துகொள்வதுண்டு. கால நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் வழுக்கியிருக்கிறார்கள். தேர்ந்த கோட்டைத் தாளின் மேல் விளிம்பிலுள்ள மையக் கேள்வியோடு ஒப்பிட்டு, கேள்வியைத் திருத்தி எழுதுங்கள். பதிவு செய்த தலைப்பு மாறுவதாக இருந்தால், தலைப்பு மாற்றத்துக்கான கால வரம்பு முடியும் முன்பே நெறியாளரிடம் பேசிவிட வேண்டும்.

அறிகுறி: நூல் தேடலில் ஆயிரக்கணக்கில் வருகிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை

பெட்டியிலுள்ள ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடினால் குவியும். முழுத் தலைப்பையும் இட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஒரு கூற்றின் இரு பெட்டிகளையும் சேர்த்துத் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியமான சோத்கங்காவில் தேடுமுன், ஒவ்வொரு பெட்டியின் பின்புறத்திலும் அதன் மாற்றுப் பெயர்களை எழுதிக்கொள்வது நல்லது. வடக்கே ஏரி என்பது தெற்கே கண்மாய். குளம், ஏந்தல், தாங்கல் என்ற பெயர்களும் உண்டு. மதகு மடையாகிறது, நீர்க்கட்டி நீர்ப்பாய்ச்சியாகிறார். 'ஏரி' என்று மட்டும் தேடியவர், 'இராமநாதபுரம் பற்றி ஆய்வே நடக்கவில்லை' என்று ஆய்வு இடைவெளியைக் கண்டுபிடித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

அறிகுறி: இயல் பகுப்பு வரைபடத்திலிருந்து பிறக்கவில்லை

கிளைக்கு ஓர் இயல் என்று பிரித்தால் மறுபடியும் துறைவாரியான பாடநூல்தான் வரும். தேர்ந்த கோட்டை நடு இயலாக வைத்து, அதற்குச் செல்லும் கோடுகளை அதற்கு முன்னும், அதிலிருந்து கிளம்புபவற்றை அதற்குப் பின்னும் வரிசைப்படுத்துங்கள். பச்சைக் கோடுகள் அனைத்தும் முன்னாய்வுகள் என்ற இயலுக்குப் போகும்.

அறிகுறி: களப்பணிக்குப் பிறகு வரைபடம் பொய்த்துவிட்டது

இதைக் கோளாறு என்று சொல்லத் தயங்குகிறேன். வேலை நடந்திருப்பதன் அடையாளம் இது. கிணறு உடையவர்கள் பராமரிப்பிலிருந்து விலகுகின்றனர் என்று எழுதிப் போன ஒருவர், ஆயக்கட்டுக்குள்ளேயே கிணறு வைத்திருப்பவர்கள் விலகவில்லை, வெளியே மேட்டு நிலத்தில் வைத்திருப்பவர்கள்தாம் விலகினர் என்று கண்டு வருவதாகக் கொள்வோம். பழைய கோட்டை அழித்துத் திருத்தக் கூடாது. பழைய தாளில் தேதியிட்டுப் பத்திரப்படுத்திவிட்டு, புதிய தாளில் இரு பெட்டிகளுக்கும் நடுவே 'கிணற்றின் அமைவிடம்' என்ற பெட்டியைச் சேர்த்து, உடைந்த கோட்டை இரண்டாக எழுதுங்கள். ஒவ்வொரு புதிய கோட்டுக்கும் எந்த ஊர், எந்த நேர்காணல் ஆதாரம் என்பதைக் குறித்துவையுங்கள். நெறியாளரைச் சந்திக்கப் போகும்போது இரண்டு தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். மாறிய கோட்டைத் தடித்த மையில் காட்டினால், பேச்சை அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கலாம்.